சித்தி விட்டுப்போன சங்கிலிப் பை

சித்தி போய் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கப்புறம், ஷனெல் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனம் செய்த அவருடைய 2.55 பை என்னிடம் வந்தது. முதல் இரண்டு மாதம் அலமாரியைத் திறப்பேன், பார்ப்பேன், மூடிவிடுவேன். ஒரு திங்கட்கிழமை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். அன்றிலிருந்து கிட்டத்தட்ட தினமும் அதுதான் என் பை. வாங்கிப் பெட்டியைப் பிரித்த அன்றே மதிப்புரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு வருடம் புழங்கிய பிறகு எழுதுகிறேன். பையைப் பற்றியும் எழுதுகிறேன், அதை மாட்டியிருக்கும் பெண்ணை மற்றவர்கள் பார்க்கிற பார்வையைப் பற்றியும் எழுதுகிறேன். எனக்கு இரண்டையும் பிரித்து எழுத வரவில்லை.

பெயரில் இருப்பது மாதமும் வருடமும். 1955 பிப்ரவரியில் வந்தது, அதனால் 2.55. அந்தக் காலத்தில் வசதியான பெண்கள் பையைக் கையில்தான் பிடித்திருப்பார்கள். ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கோகோ ஷனெல் 1929-லேயே சிப்பாய்களின் பையைப் பார்த்து வார் வைத்த பை ஒன்று செய்திருந்தார். அதைத் திருத்தி, சங்கிலி கோத்து 1955-ல் கொண்டுவந்ததுதான் இது. அவர் வளர்ந்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய அனாதை இல்லத்தில். சங்கிலி, அந்தக் கன்னியாஸ்திரீகள் இடுப்பில் சாவி மாட்டியிருந்த சங்கிலியின் நினைவு என்பார்கள். பையின் உள்ளே இருக்கும் அடர்சிவப்பு, இல்லத்துச் சீருடையின் நிறம் என்பார்கள். அம்மாவை இழந்து இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று செய்துகொண்ட பை இது. அதைத்தான் இன்று 'பணக்காரி பை' என்கிறோம்.

சித்தியுடையது, ஐம்பதாம் ஆண்டுக்காக 2005-ல் மறுபடி கொண்டுவந்த வடிவம். கறுப்புக் கன்றுத் தோல், பழையது போலத் தெரிவதற்காகச் சுருக்கம் விழவைத்தது. 226 என்ற அளவு, அகலம் சுமார் 28 சென்டிமீட்டர். பூட்டு ஒரு சிறிய நீள்சதுரத் தகடு. குறுக்கே திருப்பினால் திறக்கும். மத்மசேல் என்றால் பிரெஞ்சில் திருமணமாகாத பெண்; ஷனெல் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாதவர் என்பதால் அதற்கு மத்மசேல் பூட்டு என்று பெயர் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த, இரண்டு 'சி' பின்னிய பூட்டும் தோல் நாடா கோத்த சங்கிலியும் வேறு. அவை 1980-களில் கார்ல் லாகர்ஃபெல்ட் அந்த நிறுவனத்துக்கு வடிவமைப்பாளராக வந்த பிறகு சேர்ந்தவை. என் பையில் வெளிப்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. மூடியைத் தூக்கினால்தான் உள்பக்கத் தையலில் அந்த இரண்டு 'சி' தெரியும்.

நான் கணக்கு எழுதுகிறவள். வரி நேராக இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும். இந்தப் பையின் பின்பக்கத்தில் வளைவான வாயுள்ள ஒரு அறை இருக்கிறது. அறையின் மேல் ஓடும் சாய்சதுரத் தையலும் அதன் அடியில் பையின் உடம்பில் ஓடும் தையலும் ஒரே கோடாகச் சேர்கின்றன. முதல் தடவை கவனித்தபோது ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரலால் தடவிப் பார்த்தேன். கோடு எங்கும் உடையவில்லை. எங்கே ஒரு தோல் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படிச் சேர வேண்டுமென்றால் வெட்டும்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். யாரோ ஒருவர் மேசை மேல் குனிந்து, அரை மில்லிமீட்டர் தள்ளிவைத்து, திரும்ப இழுத்துச் சரிபார்த்திருக்கிறார். பெயரை எல்லாம் எடுத்துவிட்டாலும் அந்த உழைப்பு அங்கேயே இருக்கும்.

புழக்கத்தில் எப்படி என்றால், பெரிய கைபேசி படுக்கைவாட்டில் சரியாக நுழைகிறது. சாவி, சின்னப் பர்ஸ், மடித்த கைக்குட்டை, ஒரு குறிப்பேடு, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை, மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்தால் மூடி புடைத்து நிற்கிறது. அந்த அளவில் செய்த பை, அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். சங்கிலியை இரட்டையாக இழுத்தால் தோளுக்கு அடியில் உட்காரும், ஒற்றையாக விட்டால் இடுப்பு வரை வரும். உலோகம் என்பதால் கனம் தெரியும், தோள் பழக ஒரு வாரம் ஆயிற்று. உள்ளே உதட்டுச்சாயத்துக்கு என்று ஒரு குழல் மாதிரி இடம் உண்டு. சித்தி அதில் பென்சில் வைத்திருந்தார். நானும் பென்சில்தான் வைக்கிறேன். சுருக்கம் விழுந்த தோல் என்பதால் என் நகக்கீறல்கள் எல்லாம் அதிலேயே கலந்துபோய்விட்டன. வழவழப்பான ஆட்டுத்தோலில் இதே பையை வாங்க நினைக்கிறவர்கள், தினமும் பேருந்தில் ஏறி இறங்குகிறவர்களாக இருந்தால் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி மற்றதைச் சொல்கிறேன்.

நான்காவது மாதம் ஒரு திருமண வரவேற்புக்குப் போனேன். எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள். முகம் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"அந்தப் பை பார்த்தியா? சேனல் மாடல்."

"ஃபர்ஸ்ட் காப்பியா இருக்கும். செருப்பைப் பாரு, உனக்கே தெரியும்."

என் செருப்பை நானும் பார்த்தேன். இரண்டு வருடம் போட்டது, குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. கோபம் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே பையைப் பற்றி என் காதில் விழுந்தவைதான் ஞாபகம் வந்தன. அன்று அது சித்தியின் தோளில் இருந்தது. அன்று யாரும் போலி என்று சொல்லவில்லை. "கண்ணுக்குத் தெரியணும்னே மாட்டிக்கிட்டு வர்றா" என்றார்கள். "பணம் வந்தா மட்டும் போதுமா, அடக்கம் வேணாமா" என்றார்கள். அதே தோல், அதே பூட்டு, அதே சங்கிலி. சித்தி மாட்டியபோது திமிர், நான் மாட்டும்போது ஏமாற்று. பையை யாருமே பார்க்கவில்லை. ஆளைப் பார்த்து முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பை அதற்குச் சாட்சியாக மட்டும் கூப்பிடப்பட்டது.

சித்தி அட்டைப்பெட்டி செய்யும் தொழில் நடத்தினார். இரண்டு இயந்திரத்தோடு ஆரம்பித்தது, கடைசியில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். தொழில் ஓரளவு நிமிர்ந்த பிறகு தனக்கென்று அவர் வாங்கிய ஒரே விலையுயர்ந்த பொருள் இந்தப் பை. நானே அன்று மனதுக்குள் முகம் சுளித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. இந்தக் காசுக்கு வேறு எத்தனை செய்யலாம் என்று தோன்றியது. சித்தப்பா கையில் அதே காலத்தில் ஒரு ஸ்விஸ் கைக்கடிகாரம் இருந்தது. பையைவிட விலை கூடுதல். அதைப் பார்த்து நான் முகம் சுளிக்கவில்லை, "உழைச்ச மனுஷன், ரசனைக்காரர்" என்று எல்லோரும் சொன்னதை நானும் சொன்னேன். அவர் உழைத்ததும் அதே பெட்டித் தொழிலில்தான், சித்தியின் கீழே.

ஒரு தடவை கடனை நீட்டிக்கக் கேட்டு சித்தி ஒரு வங்கிக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே, "இந்த மாதிரிப் பை எல்லாம் வாங்குறீங்க, உங்களுக்குக் கடன் எதுக்கு மேடம்?" என்று சிரித்தார். சித்தி பதில் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்து நீட்டினார். அடுத்த முறை வேண்டுமென்றே ஒரு துணிப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்று ஒரு மணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள், உள்ளே கூப்பிட்டதும் "சார் வரலையா?" என்றார்கள். திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தி அழவில்லை. வரலாறு படிப்பதில் அவருக்கு விருப்பம் அதிகம், அன்று எனக்கு ரோம் நாட்டுக் கதை ஒன்று சொன்னார்.

கி.மு. 215. எதிரிப் படைத்தலைவர் ஹானிபாலோடு ரோமுக்குப் போர் நடக்கிறது. ரோமில் ஒரு சட்டம் போடுகிறார்கள்: எந்தப் பெண்ணும் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது, பல வண்ண ஆடை உடுத்தக் கூடாது, நகருக்குள் வண்டியில் போகக் கூடாது. போர் முடிந்தது, செல்வம் திரும்ப வந்தது, ஆண்கள் ஊதாக் கரை போட்ட அங்கியில் நடந்தார்கள். பெண்களுக்குச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. கி.மு. 195-ல் பெண்கள் தெருவில் இறங்கி, போகிற வருகிற தலைவர்களை எல்லாம் மறித்து நியாயம் கேட்டார்கள். கேட்டோ என்ற கான்சல், அதாவது ரோமின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர், முடியவே முடியாது என்று நின்றார். வலேரியஸ் என்ற இன்னொருவர் எழுந்து, உங்கள் குதிரைக்கு இருக்கும் அலங்காரம்கூட உங்கள் மனைவிக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். சட்டம் நீங்கியது.

"சட்டத்தை எடுத்துட்டாங்க. ஆனா அந்தக் கேட்டோ இன்னும் ஒவ்வொரு ஆபீஸ்லயும் உட்கார்ந்திருக்காருடி" என்றார் சித்தி.

நான் பிறகு நானாகவே படித்துச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசி மாரி அந்துவனெத் ஆடம்பரத்துக்குப் பேர்போனவர். 1783-ல் அவர் எளிய வெள்ளை மஸ்லின் உடையில் இருக்கும் ஓவியம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓவியர் விஜே லெ புருன். பட்டும் நகையும் இல்லாமல் உள்ளாடையோடு நிற்கிறாரே, அரசி என்ற மதிப்பு எங்கே போயிற்று என்று கூச்சல் எழுந்து, ஓவியத்தை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, அவர் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை என்ற ஒரு வைர மாலைக்காகப் பழி அவர் தலையில் விழுந்தது. அவருடைய ஆட்சியில் மக்கள் பட்ட பாட்டை நான் சின்னதாக்கவில்லை, அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் ராஜாவின் பொத்தான்களை ஏன் எண்ணவில்லை என்றுதான் கேட்கிறேன்.

எழுத்தே இல்லாத இந்தப் பையிடமிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பெயரைப் பெரிதாகப் போட்ட பையை 'அலட்டல்' என்றும், பெயரே தெரியாத பையை 'கண்ணியம்' என்றும் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. லூயி வித்தோன் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்தின் பைகளில் ஓடும் அந்த எழுத்துகளும் பூக்களும் 1896-ல் போலிகளைத் தடுக்கப் போட்டவை. இன்று போலிகளிலும் அவைதான் இருக்கின்றன. 2010-ல் ஹான், நூனெஸ், ட்ரெஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பைகளின் விலையையும் அவற்றில் தெரியும் அடையாளத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே நிறுவனத்துக்குள், அடையாளம் அடங்க அடங்க விலை ஏறியது. அதாவது, சத்தமில்லாத பை அடக்கத்தின் அடையாளம் இல்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று கொடுக்கும் கூடுதல் காசு அது. அப்படியிருக்க, முதல் சம்பளத்தில் பெரிய எழுத்துப் போட்ட பை ஒன்று வாங்கி ஆசையாகத் தூக்கிக்கொண்டு வரும் பெண்ணை மட்டும் ஏன் ஏளனமாகப் பார்க்க வேண்டும்? எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். அவள் பையைப் பார்த்து முன்பு நானும் உதட்டைச் சுழித்திருக்கிறேன். இப்போது அவள் பையைக் கையில் வாங்கித் தையலைப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

பராமரிப்புக்கு வருகிறேன். கீழ் மூலை ஒன்றில் தோல் தேய்ந்து வெளிறியிருந்தது. நிறம் ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பையைத் தொடுவதற்கு முன் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது உங்களுடையதா? பில் இருக்கா?" என்றாள். பையோடு வந்த அட்டை இருந்தது. உள்ளே ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் அட்டையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான் என்று காட்டினேன். அந்த ஒட்டுத்தாள் முறை 1980-களில் வந்தது. 2021-லிருந்து புதிய பைகளில் சிப் வைத்த சின்ன உலோகத் தகடு வைக்கிறார்கள், அட்டை கிடையாது. பழைய பை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆனாலும் எண் ஒத்துப்போவதை மட்டும் நம்பிவிடாதீர்கள், எண்ணையும் போலி செய்வார்கள். மூன்று வாரம் கழித்துப் பை திரும்பி வந்தபோது மூலை மட்டும் நீலம் கலந்த கறுப்பாக இருந்தது. கேட்டதற்கு, "வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்" என்றார்கள்.

பிறகு தெரிந்தவர் சொல்லி ஒரு வயதான பழுதுபார்ப்பவரிடம் போனேன். அவர் யாருடையது என்று கேட்கவில்லை. பையை விளக்குக்கு அடியில் வைத்து, மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நல்லா வச்சிருந்திருக்காங்கம்மா. இந்தப் பக்கம்தான் எப்பவும் உடம்பை ஒட்டி இருந்திருக்கு, அதான் தேய்மானம் இங்க" என்றார். சித்தி இடது தோளில்தான் மாட்டுவார். பத்து நாளில் சரிசெய்து கொடுத்தார். இப்போது எந்த மூலை என்று நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சங்கிலியைத் தோலின் மேல் படவைக்காமல் உள்ளே போட்டுவைக்கச் சொன்னார், ஒரே இடத்தில் அழுந்தினால் தடம் விழுமாம். ஆணியில் தொங்கவிடக் கூடாது, உள்ளே மெல்லிய தாளைக் கசக்கி அடைத்துத் துணி உறையில் படுக்கவைக்க வேண்டும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம், காய்ந்த மிருதுவான துணி போதும்.

வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இது. தையலைப் பார்த்து மனம் நிறைகிறது, பத்து இருபது வருடம் வைத்துக்கொள்வேன், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்கிறவர்கள், கடன் வாங்காமல் வாங்க முடியுமானால், தயங்காதீர்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரிடம் மதிப்பு வாங்குவதற்காக என்றால் வேண்டாம். அந்த வேலையை இந்தப் பை சித்திக்கும் செய்து கொடுக்கவில்லை, எனக்கும் செய்யவில்லை. வங்கி அதிகாரி கடைசியில் கடனை நீட்டித்தார். காரணம், மூன்று வருடக் கணக்கில் ஒரு தவணைகூட தவறவில்லை என்று சித்தி தாள் தாளாக எடுத்து வைத்ததுதான்.

மூடிக்கு உள்பக்கம் ஒரு ஜிப் அறை இருக்கிறது. ஷனெல் அதில் காதல் கடிதங்கள் வைத்தார் என்று கதை. அந்த ஜிப்பை நான் திறந்தது ஆறாவது மாதத்தில்தான். இறுக்கமாக இருந்தது, பென்சில் முனையைத் தேய்த்த பிறகு நகர்ந்தது. உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். சித்தி தன் கைப்பட எழுதிய முதல் விற்பனைப் பட்டியல், முந்நூறு அட்டைப்பெட்டிகளுக்கு. மடிப்பு ஓரங்கள் கிழியும் நிலையில் இருந்தன. அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, மடிப்பு மாறாமல் அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

பின்பக்க அறையில் அவருடைய அளவு டேப் இருக்கிறது, மூன்று மீட்டர் உருளும் டேப், மஞ்சள் நிறம் பாதி உரிந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் பெட்டியைப் பார்த்தால் அளந்துவிடுவார். அதை வெளியே எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன், ஏனென்றால் அது இருப்பதால் அந்த அறை லேசாகப் புடைத்துத் தெரிகிறது. போன வாரம் அலுவலகத்துக்குப் புது அலமாரி வந்தது. வாசலில் நுழையுமா என்று எல்லோரும் கையால் அளந்துகொண்டிருந்தபோது நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். நான்கு சென்டிமீட்டர் இடம் இருந்தது.